அளுத்கம பக்கம் பாவா சகோதரர்களின் தோட்டங்கள்: அம்மாவோடு ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

ஸ்காபறோ சுதன்:
வணக்கம். ஓகஸ்டில் மூன்று கிழமை லீவில் கொழும்பு வருகிறேன். அம்மா வெள்ளவத்தையில் இருக்கிறா, வயது 71, ஒரு முழங்கால் நோ. பூமரம் என்றால் உயிர், பிளாட் பல்கனியில் பதினாறு சாடி வைத்திருக்கிறா. பேராதனைப் பூங்கா பார்த்துச் சலித்துவிட்டதாம். பிறீஃப், லுணுகங்கை இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா? ஒன்றுதான் முடியுமென்றால் எது?

மாடித்தோட்டம் அக்கா:
முடியும் தம்பி. காலையில் பிறீஃப், மத்தியானத்துக்குப் பிறகு லுணுகங்கை. மாற்றிப் போகாதேங்கோ, ஏனென்று சொல்கிறேன்.

பிறீஃப் அண்ணன் பெவிஸ் பாவாவின் தோட்டம். இறப்பர்த் தோட்டமாகக் கிடந்த காணியில் 1929இல் தொடங்கி, 1992இல் சாகும்வரை வெட்டியும் நட்டும் கொண்டிருந்தார். வழக்கறிஞரான தகப்பன் வழக்கொன்றில் உழைத்த காசில் காணியை வாங்கியதால்தான் அந்தப் பெயர் என்பார்கள்; ஆங்கிலத்தில் 'பிறீஃப்' என்றால் வழக்கறிஞர் எடுக்கும் வழக்கு. காணியில் பெரும்பகுதியைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கே எழுதிவிட்டுப் போனார். திருப்பத்துக்குத் திருப்பம் ஏதாவது இருக்கும்: குளம், சிலை, மூங்கில் நிழல், படிக்கட்டு. வீட்டுக்குள் அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய பெரிய சுவரோவியம். ஒரு கிழமை விருந்தாளியாக வந்து ஐந்து வருஷம் இருந்துவிட்டாராம். சிலைகளில் சில உடுப்பில்லாத ஆண்கள். அம்மாவோடு போகிறீர்கள், முதலே சொல்லி வைக்கிறேன்.

லுணுகங்கை தம்பி ஜெஃப்ரியுடையது. 1948இல், கட்டடக் கலைஞராவதற்கு முன்பே வாங்கிவிட்டார். அங்கே பூ தேடிப் போனால் ஏமாற்றம்தான். பச்சை, நிழல், தண்ணீர், அவ்வளவே. என் அம்மா உள்ளே வந்ததுமே, "இதென்ன தோட்டம், ஒரு செவ்வரத்தைகூட இல்லை" என்றா. எனக்கும் முதலில் காட்டைச் சும்மா விட்டுவைத்த மாதிரித்தான் இருந்தது. பிறகு வழிகாட்டிப் பெடியன் ஈழத்தலரி மரத்தைக் காட்டினான். கிளை பக்கவாட்டில் படர வேண்டுமென்று, இளசாக இருக்கும்போதே பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைத்திருக்கிறார்! அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

வீட்டின் தென்பக்கம் நின்றால் புல்வெளி ஏறிக் கறுவா மேட்டுக்குப் போகும். உச்சியில் மகிழ மரத்தடியில் ஒரு பெரிய சாடி. அதற்கு நேர் பின்னால், வாவிக்கு அப்பால், விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். அது தெரிவதற்காகவே மேட்டின் தலையைச் செதுக்கியிருக்கிறார். இடையில் ஊர்ப்பாதையும் ஒன்று போகிறது. அதைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் நின்ற நேரம் மோட்டார் சைக்கிள் ஒன்று போன சத்தம் மட்டும் கேட்டது. எங்கே போகுதென்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தா. ஜெஃப்ரியின் சாம்பலும் அந்த மேட்டில்தான்.

இதை முதலில் பார்த்துவிட்டுப் பிறீஃபுக்குப் போனால் பிறீஃப் சத்தமாகத் தெரியும். அதுதான் காரணம். ஒன்றுதான் என்றால், உங்கள் அம்மாவுக்குப் பிறீஃப், உங்களுக்கு லுணுகங்கை.

கடலோர றெயில்:
கோட்டையில் காலை றெயில் எடுத்தால் அளுத்கமவில் இறங்கலாம். கடல் பக்கம் ஜன்னல் பிடியுங்கள். பிறகு ஆட்டோதான், நாள் முழுக்கப் பேசிக்கொள்வது நல்லது. எனக்கு நடந்தது: "பிறீஃப் கார்டன்" என்றேன். ஆள் தலையாட்டிவிட்டு ஒரு ஸ்பைஸ் கார்டன் வாசலில் இறக்கினார். கறுவா எண்ணெய் ஒரு போத்தல் வாங்காமல் வெளியே வர முடியவில்லை. ஏறும்போதே "பெவிஸ் பாவா, களவில" என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். லுணுகங்கைக்குக் குறித்த நேரங்களில் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முதலே பதிவு செய்துவிடுங்கள்.

கம்பஹாக்காரன்:
முழங்கால் நோ உள்ள ஆளை ஏன் மேடு ஏற்றுகிறீர்கள்? எங்கள் ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டி வாங்கோ. சமதரை, பாதை அகலம். 1876இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை நட்ட இடம். பாவா சகோதரர்களின் காணியில் நின்ற இறப்பருக்கும் அதுதான் தொடக்கம்.

ஸ்காபறோ சுதன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, மேடு ஏறாமல் லுணுகங்கையில் அம்மா என்ன செய்வா? சப்பாத்து எது நல்லது?

மாடித்தோட்டம் அக்கா:
கறுவா மேடு ஏறத் தேவையில்லை, கீழே இருந்தே சாடி தெரியும். வாவிப் பக்கம் நிழலில் இருந்துவிட்டு வரலாம். தோட்டத்தில் இடத்துக்கிடம் மணி தொங்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாதம். ஜெஃப்ரி எங்கேயிருந்து தேத்தண்ணி கேட்கிறார் என்று சத்தத்தை வைத்தே வேலையாட்கள் கண்டுபிடிப்பார்களாம். அந்தக் கதையைத்தான் என் அம்மா இன்றைக்கும் சொல்லித் திரிகிறா. சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும், பிறீஃப் படிகளில் பாசி. ஓகஸ்டில் மழையும் விட்டுவிட்டுப் பெய்யும், குடையை விடாதேங்கோ. நுளம்பு எண்ணெயும் பூசிக்கொண்டு போங்கோ. செடியின் துண்டு ஏதாவது முறித்துக் கைப்பைக்குள் வைக்கிறாவா என்று அம்மாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கோ. என்னுடைய அம்மா வைத்தா.