கன்ஃபாபுலேஷன்: இட்டுக்கட்டலா, இட்டுநிரப்பலா?

> கன்ஃபாபுலேஷன் = இட்டுக்கட்டல். கச்சிதமாகப் பொருந்துகிறதே?

ஐயா, வணக்கம்.

பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது. தெரியாத இடத்தில் மூளை தானாக ஒரு பதிலை வைக்க, சொல்பவர் அதை உண்மை என்றே நம்பிச் சொல்வதுதான் கன்ஃபாபுலேஷன். ‘இட்டுக்கட்டிச் சொல்றான்’ என்றால் நம் ஊரில் அது குற்றச்சாட்டு. கதை அளப்பது, சரடு விடுவது எல்லாமே அந்த வகைதான். சொல்பவனுக்கு அது பொய் என்று தெரியும். இங்கே தெரியாது. இந்தச் சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு மூளையின் முன்பக்க ரத்தக்குழாய் ஒன்று வெடித்து, அறுவை சிகிச்சையில் பிழைத்தார். ‘காலையில என்ன சாப்ட்டீங்க?’ என்று கேட்டால், ‘ரெண்டு இட்லி, தக்காளிச் சட்னி. உப்பு கொஞ்சம் கூட’ என்று முகத்தைச் சுளிப்பார். அன்று அவர் குடித்தது கஞ்சி. பார்க்க வந்தவர்கள் ‘இப்படிப் பொய் சொல்றாரே’ என்றதும் பெரியம்மா அழுதுவிட்டார். அவரிடம் போய் ‘இது இட்டுக்கட்டல்’ என்று விளக்க எனக்கு மனம் வராது.

‘பொய்ந்நினைவு’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. அதில் ‘பொய்’ மட்டுமல்ல, ‘நினைவு’ம் இடிக்கிறது. மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1978-இல் எழுதிய சோதனையைப் பாருங்கள். வலிப்புக்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்ட ஓர் இளைஞர். பேசும் இடப் பாதிக்குக் கோழிக்காலும் வலப் பாதிக்குப் பனி மூடிய காட்சியும் தெரியும்படி காட்டினார்கள். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது, இடப் பாதி இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது. வலப் பாதி இயக்கும் இடக்கை பனி அள்ளும் ஷவலைத் தொட்டது. ஷவல் எதற்கு? பனியை இடப் பாதி பார்க்கவே இல்லை. ஆனாலும் பதில் தயங்காமல் வந்தது: கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய வேண்டுமே! இதில் எந்த நினைவு பிசகியது? காரணம் தெரியாத இடத்தில் மூளை ஒரு காரணத்தை வைத்தது, அவ்வளவுதான்.

நோயில்லாதவர்களும் இதையே செய்கிறார்கள். உளவியலாளர்கள் நிஸ்பெட், வில்சன் இருவரின் 1977 கட்டுரையில், ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளில் தரமானது எது என்று கேட்டபோது 40 விழுக்காட்டினர் வலக்கோடியில் இருந்ததையே எடுத்தார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை.

ஆகவே என் பரிந்துரை: இட்டுநிரப்பல். உங்கள் ‘இட்டு’ அப்படியே இருக்கட்டும். வஞ்சகம் தொனிக்கும் ‘கட்டல்’ மட்டும் போகட்டும். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று பள்ளியில் எழுதியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இட்டுநிரப்பினார், இட்டுநிரப்பும் நோயாளி என்று வினையாகவும் எச்சமாகவும் வளைகிறது.

இடப் பாதியில் இப்படிக் காரணம் சொல்லும் அமைப்புக்குக் கசானிகா ‘இன்டர்ப்ரிட்டர்’ என்று பெயர் வைத்தார். அதை ‘மொழிபெயர்ப்பி’ ஆக்கிவிட வேண்டாம். அது மொழிபெயர்ப்பதில்லை, உரை சொல்கிறது. ‘உரைகாரன்’ என்கிறேன். ஆண்பால் விகுதி மட்டும் உறுத்துகிறது. ‘உரைப்பி’ சரிவருமா, ஐயா?