திருவரங்கத் தீவில் ஒரு நாள் உணவு உலா

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து பெற்றோருடன் ஞாயிறன்று வருகிறேன், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இத்தீவுக்குள்ளேயே நாள் முழுவதும் எதையெல்லாம் சுவைக்கலாம் என்று உள்ளூர் அன்பர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: திருவானைக்காவலில் தொடங்குங்கள். பார்த்தசாரதி விலாஸின் நெய் தோசைக்காகவே ஆற்றைக் கடந்து வருபவர்கள் உண்டு. காத்திருக்க நேர்ந்தாலும், பில்டர் காபியோடு முடித்துக்கொண்டால் மதியம்வரை பசிக்காது.

பதில் 2: அடுத்து அரங்கநாதர் கோயிலில் புளியோதரைப் பிரசாதம் வாங்குங்கள். அரங்கன்மேல் காதல் கொண்ட சுல்தானின் மகளாகக் கூறப்படும் துலுக்க நாச்சியாரின் மரபையொட்டி அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுவது, அரிசியே ஆளும் நம் டெல்டாவில் எனக்கு இன்றும் வியப்புதான்.

கேட்டவர்: நன்றி ஐயா. தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இனிப்பான அக்காரவடிசலை நான் மட்டும் (அவர் பார்க்காதபோது) உண்பேன்.

பதில் 3: அப்படியானால் மாலையில் அவருக்கு உப்பிட்ட நீர்மோர் வாங்கிக் கொடுத்து, அம்மா மண்டபப் படித்துறையில் அமரச் செய்யுங்கள்.