மறு: நிலநடுக்கக் ‘கணிப்பு’: ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம். நிலநடுக்கச் செய்திகளில் வரும் பிரடிக்‌ஷன், ஃபோர்காஸ்ட், ஏர்லி வார்னிங் மூன்றுக்கும் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> பிரடிக்‌ஷன், ஃபோர்காஸ்ட் இரண்டுக்கும் ‘முன்கணிப்பு’ என்றே போட்டுவிடலாம். இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

எங்கே புரிந்துகொண்டார் ஐயா? 2023 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். 6ஆம் தேதி விடியற்காலை 4:17க்குத் துருக்கியில் 7.8 அளவில் நிலம் ஆடியது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் செத்தார்கள். அன்று மாலைக்குள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியதெல்லாம் ‘மூன்று நாள் முன்பே கணித்த விஞ்ஞானி’ என்ற செய்திதான். ஃபிராங்க் ஹூகர்பீட்ஸ் என்ற டச்சுக்காரர் 3ஆம் தேதி ட்விட்டரில் போட்டதைப் பிரித்துப் படித்தால், தென்மத்தியத் துருக்கி, ஜோர்டான், சிரியா, லெபனான் பகுதியில் ‘சூனர் ஆர் லேட்டர்’ சுமார் 7.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வரும் என்றிருக்கிறது. இன்றோ நாளையோ என்றில்லை, என்றைக்காவது வரும். கிழக்கு அனத்தோலியப் பிளவின் மேல் அது வரும் என்பதை நிலவியல் படித்த யாரும் சொல்வார்கள்; 2020 ஜனவரியில் அதே பிளவில் எலாசிக் பக்கம் 6.8 வந்துபோயிருந்தது. செய்தியாக்கும்போது அந்த ‘என்றைக்காவது’ மட்டும் காணாமல் போனது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: நாளும் நேரமும், இடம், அளவு. மூன்றையும் சொன்னால்தான் அது பிரடிக்‌ஷன். அப்படி ஒரு பெரிய நிலநடுக்கத்தை எந்த விஞ்ஞானியும் இதுவரை சொன்னதில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கு பணியாற்றும் சூசன் ஹஃப் போன்றோர் அந்த வாரமே ஊடகங்களில் இதைப் பொறுமையாக விளக்கினார்கள். கோள்கள் வரிசையில் வந்தால் நிலம் ஆடும் என்று ஹூகர்பீட்ஸ் நம்பும் கணக்கும் நிற்காது. மற்றக் கோள்களில் பூமியை மிக அதிகமாக இழுத்து நெகிழ்த்துவது வெள்ளி; அதன் விசை நிலவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. உலகில் 6 அளவைத் தொடும் நிலநடுக்கம் சராசரியாக வாரத்துக்கு இரண்டாவது வருகிறது. ‘அடுத்த சில நாளில் எங்காவது பெரிதாக ஒன்று’ என்று யார் சொன்னாலும் பலிக்கும்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல். ‘கணித்தார்’ என்று இறந்தகாலத்தில் எழுதினாலே பலித்துவிட்டது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஜாதகம் கணிப்பதற்கும் நமக்கு அதே வினைதான். (கோள் பார்த்துச் சொன்னவருக்கு அந்த வினை கச்சிதமாகத்தான் பொருந்துகிறது, அது வேறு!)

> அப்படியானால் பிரடிக்‌ஷனுக்கு ‘ஆருடம்’ என்றே வைத்துவிடலாமே?

சிரித்தேன், ஆனால் கூடாது. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே 6 அளவில் வந்துகொண்டிருந்தது. இதைக் கொண்டு 1993க்குள் அடுத்தது வரும் என்று 1985இல் விஞ்ஞானிகளே அறிவித்து, கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28. அளவும் இடமும் சரி, நாள் தவறு. அது நேர்மையான அறிவியல் முயற்சி. அதையும் ஆருடம் என்று எழுதினால் நாம்தான் தப்பு செய்தவர்கள் ஆவோம். கலைச்சொல்லுக்குள் ஏளனத்தை வைத்துத் தைக்கக் கூடாது.

நான் சொல்வது இதுதான்: ‘கணிப்பு’ என்ற சொல்லைப் பிரடிக்‌ஷனுக்கே விட்டுவிடுவோம், மற்ற இரண்டையும் அதிலிருந்து வெளியே எடுப்போம். பிரடிக்‌ஷனுக்கு ‘அறுதிக் கணிப்பு’, ஃபோர்காஸ்டுக்கு ‘நிகழ்தகவுக் கணிப்பு’ என்று அம்மா ஒருவர் முன்வைத்த இணை அகராதிக்கு அழகுதான். தலைப்பில் இடம் போதாதபோது அடைமொழிதான் முதலில் வெட்டுப்படும். மிஞ்சுவது மறுபடியும் வெறும் கணிப்பு.

ஆகவே ஃபோர்காஸ்டுக்கு ‘வாய்ப்பு மதிப்பீடு’. 2024 ஆகஸ்ட் 8 அன்று ஜப்பானின் ஹியுகாநடா கடலில் 7.1 வந்ததும், பெருநிலநடுக்கங்களுக்குப் பேர்போன நன்கை கடலடி அகழி பற்றி அந்நாட்டு வானிலை முகமை முதன்முறையாக ஒரு அறிவிப்பு விட்டது. சாதாரண வாரத்தில் பெருநிலநடுக்கம் வர ஆயிரத்தில் ஒன்று வாய்ப்பு என்றால், இப்போது சில நூறில் ஒன்று. ஒரு வாரம் கவனமாக இருங்கள் என்பதே அதன் சாரம். பிரதமர் கிஷிடா வெளிநாட்டுப் பயணத்தையே ரத்து செய்தார். வாரம் முடிந்தது, எதுவும் வரவில்லை, அறிவிப்பை விலக்கிக்கொண்டார்கள். இதைக் ‘கணிப்பு’ என்று எழுதியிருந்தால் 15ஆம் தேதி ‘கணிப்பு பொய்த்தது’ என்றும் எழுத வேண்டியிருக்கும். உண்மையில் அது பொய்க்கவே இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது.

> ஏர்லி வார்னிங்குக்கு ‘முன்னெச்சரிக்கை’ இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அந்தச் சொல்லை நாம் சுனாமிக்குப் பழக்கிவிட்டோம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவில் ஆடியது; அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் எச்சரிக்க முடியும் என்பதால்தான் 2007இல் ஹைதராபாத்தில் மையம் அமைத்தார்கள். நிலநடுக்கத்தில் கிடைப்பது விநாடிக்கணக்கு. முதலில் வந்து கருவியில் பதியும் முதன்மை அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடுகிறது, சேதம் செய்யும் இரண்டாம் நிலை அலை மூன்றரை. நூறு கி.மீ. தள்ளியிருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே 12 விநாடி, அதிலும் கருவிக்கும் கணினிக்கும் கொஞ்சம் போய்விடும். மையத்துக்கு மேலேயே இருப்பவருக்கு அதுவும் இல்லை. நடுக்கம் தொடங்கிய பிறகு வரும் தகவல் இது. 2021இல் ஐஐடி ரூர்க்கி உருவாக்கிய உத்தராகண்ட் செயலியும் இந்த வகைதான். இதற்கு ‘முன்’ என்று போட்டால், நடுங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘உடனெச்சரிக்கை’ என்று வைப்போம். ‘முன்னெச்சரிக்கை’ என்பது அலமாரியைச் சுவரோடு பிணைத்து வைப்பது போன்ற வேலைகளுக்கு இருக்கட்டும்.

‘முந்தெச்சரிக்கை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அலையை முந்துவது என்ற பொருள் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வானொலியில் சொல்லும்போது ‘முன்னெச்சரிக்கை’ என்றே காதில் விழும்.

நாளிதழ் மேசையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி: ‘வாய்ப்பு மதிப்பீடு’ ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்குமா? அடங்காதென்றால் ‘நடுக்க வாய்ப்பு’ என்று சுருக்க எனக்குச் சம்மதம். ஆனால் வெறும் ‘மதிப்பீடு’ வேண்டாம். சேத மதிப்பீட்டோடு குழம்பும்.