கோழிக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா? அவசரம்

லயத்துக்கோழி (தலவாக்கலை): எச்சத்தில் புழு கிடக்கிறது. இரண்டு கோழி மெலிந்து நெஞ்செலும்பு கையில் குத்துகிறது. பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சி மாத்திரை மிச்சம் இருக்கிறது, கரைத்து வைக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊவாக்காரன்: மொத்தம் எத்தனை கோழி, என்ன வயசு? முட்டை இடுகிறதா? புழு நூல் மாதிரியா, அரிசி மாதிரியா?

பதுளை அக்கா: தங்கச்சி, பப்பாசி விதையை அரைத்துத் தவிட்டில் கலந்து கொடுங்கள். எங்கள் அம்மா காலத்திலிருந்து அதுதான்.

பழைய ஆள்: மாதம் ஒரு தடவை இதே கேள்வி. மாத்திரையின் பெயரில்லை, கோழியின் எடையில்லை, அளவை மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும். பழையதைப் படித்துவிட்டு வந்தால் என்ன?

லயத்துக்கோழி: மன்னிக்கவும். 9 ஊர்க்கோழி, ஒரு வயசு. நான்கு முட்டை இடுகிறது. புழு வெள்ளை, இடியப்பத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு, விரல் நீளம். மழை விடவில்லை, கூட்டடி முழுக்கச் சேறு.

ஊவாக்காரன்: அப்படியென்றால் உருண்டைப் புழு. பிள்ளைகளின் மாத்திரை வேண்டாம். பிப்பரசின் அல்லது லெவமிசோல் கேளுங்கள், அளவை மிருக வைத்தியர் சொல்லட்டும். பிப்பரசின் வளர்ந்த புழுவைத்தான் தள்ளும், குஞ்சுப் புழு தப்பிவிடும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டிவரும். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றும் கேளுங்கள். அரிசி மாதிரித் துண்டு துண்டாக வந்தால் நாடாப் புழு. எறும்பு, வண்டு தின்று வருவது, அதற்குப் பிப்பரசின் சரிவராது.

பதுளை அக்கா: மருந்து மருந்து என்று முட்டையையே கெடுக்கிறீர்கள்.

ஊவாக்காரன்: அக்கா, பப்பாசி விதையை நானும் கொடுத்தேன். புழு நிற்கவில்லை, மூன்று கோழி போனது.

பழைய ஆள்: எச்சத்தைச் சோதிக்காமல் மருந்து கொடுப்பதே தப்பு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே.

மலைத்தோட்டம்: தலவாக்கலையிலிருந்து கன்னொறுவை போய் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் ஐயா. பக்கத்து மிருக வைத்தியர் காரியாலயத்துக்குப் புது எச்சத்தைப் பையில் கட்டிக் கொண்டுபோனால் போதும்.

பழைய ஆள்: போதாது. அங்கே எல்லா நாளும் நுணுக்குக்காட்டியில் பார்க்க மாட்டார்கள்.

மலைத்தோட்டம்: எங்கள் பக்கம் பார்த்தார்கள். எச்சத்தில் இரத்தம் வந்தாலும் உடனே காட்ட வேண்டும். அது புழுவால் வராத இரத்தக் கழிச்சல் நோயாக இருந்தால் பூச்சி மருந்து கேட்காது.

ஊவாக்காரன்: தங்கச்சி, கூட்டை மேட்டுக்கு மாற்றுங்கள். ஈர மண்ணில் புழு முட்டை மாதக்கணக்கில் கிடக்கும், கோழி கிளறித் தின்றுகொண்டே இருக்கும்.

லயத்துக்கோழி: டாக்டர் தந்த மருந்தைக் கொடுத்தாச்சு. காலையில் சாக்கின் மேல் புழு சுருண்டு கிடந்தது. மெலிந்ததில் ஒன்று செத்துவிட்டது, மற்றது தவிடு தின்கிறது. கூட்டை மாற்றியாச்சு. நன்றி அண்ணன், அக்கா.