பாடசாலை வலயத்தில் வேக ரிக்கற்: நீதிமன்றம் வரை போனவர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

2023 ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரவு வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு முன்னால் பொலிஸார் என்னை மறித்தனர். நேரம் எட்டு முப்பத்தைந்து. எதிரேயிருந்த தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் லேசர் கருவியுடன் நின்ற அதிகாரியை, அவர் வீதியில் இறங்கிக் கையைக் காட்டும்வரை நான் காணவேயில்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதி அது; தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு வலயம் என்ற பலகையும் உண்டு. அவர் எழுதித் தந்த அபராத ரிக்கற்றில் என் வேகம் 55 என்று இருந்தது.

15 கிலோமீற்றர் அதிகம் என்றால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டிமெரிட் புள்ளி, அதாவது ஓட்டுநர் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளி, கிடையாது. 16 முதல் 29 வரை மூன்று புள்ளிகள், 30 முதல் 49 வரை நான்கு, அதற்கு மேல் ஆறு. ஆனால் சமூகப் பாதுகாப்பு வலயத்தில் அபராதம் இரட்டிப்பாகும் என்பதால், மற்ற வீதிகளில் கிலோமீற்றருக்கு இரண்டரை டொலராக இருப்பது எனக்கு ஐந்து டொலராகி, 75 டொலரும் அதன்மேல் மேலதிகக் கட்டணமும் நீதிமன்றச் செலவும் என்று வந்து நின்றது. தொகை பெரிதல்ல. கட்டிவிட்டுப் போயிருக்கலாம். கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகும் என்பதும், காப்புறுதி நிறுவனங்கள் பார்ப்பது புள்ளிகளை அல்ல, கடந்த மூன்று ஆண்டுகளின் குற்றப்பதிவுகளையே என்பதும்தான் என்னைத் தடுத்தன.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எழுதச் சற்று வெட்கமாக இருக்கிறது. என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினாறு எழுத்துகள் வரும். அவற்றில் ஒன்றை அதிகாரி விட்டுவிட்டார். போதாதற்குத் தகப்பனார் பெயரை என் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றியிருந்தார். வேலைத்தலத்தில் ரிக்கற்றைப் பார்த்த ஒருவர், "அண்ணை, இது செல்லாது, பேசாமல் கோட்டுக்குப் போங்கோ" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் தன் மைத்துனருக்கு இப்படித்தான் ஒரு ரிக்கற் தள்ளுபடியானது என்று சொன்னதும், நான் வென்றுவிட்டதாகவே நினைத்து, பதினைந்து நாள் கெடுவுக்குள் விசாரணை கோரும் பெட்டியில் அடையாளமிட்டு அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் ஒரு பரலீகலிடம், அதாவது இத்தகைய சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவரிடம், பேசினேன். எழுத்துப்பிழை, பெயர் முன்பின் மாறியது போன்றவற்றை, நாம் நீதிமன்றத்தில் தோன்றியதும் சமாதான நீதவான் அங்கேயே திருத்திவிடலாம் என்று அவர் விளக்கினார். ரிக்கற்றுக்கு எந்தப் பதிலும் அளிக்காமல் விட்டவரின் தாளை நீதவான் தனியே பரிசீலிக்கும்போது, அது முகப்பிலேயே முழுமையற்றதாக இருந்தால் தள்ளுபடி செய்ய இடமுண்டு. ஆனால் பெயரில் ஓர் எழுத்துக் குறைவது அந்த வகைக்குள் அடங்குவது அரிது, அடங்காவிட்டால் நாம் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அதை நம்பி வீட்டில் இருப்பது, விழப்போகும் லொத்தரை நம்பிக் கடன் வாங்குவதைப் போன்றது என்றார். பொலிஸ்காரர் வராவிட்டால் வழக்கு விழும் என்ற பழைய நம்பிக்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. விசாரணைகள் காணொளி வழியே நடக்கத் தொடங்கியபின், அதிகாரி தன் நிலையத்தில் இருந்தபடியே இணைந்துவிடுகிறார்.

விசாரணைத் திகதி அறிவிக்கப்பட்டதும், எனக்கெதிரான சான்றுகளின் பிரதியைக் கேட்டு விண்ணப்பித்தேன். டிஸ்க்ளோஷர் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். நான்கு வாரத்தில் மின்னஞ்சலில் இரண்டு பக்கங்கள் வந்தன. இரண்டாவது பக்கம் அதிகாரியின் கையெழுத்துக் குறிப்பு. வாகனத்தின் நிறம், காலநிலை, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் லேசர் கருவியைச் சோதித்த நேரங்கள், பலகை தெளிவாகத் தெரிந்தது என்ற ஒரு வரி எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே 63 என்று ஓர் எண். அதனருகே, 55 ஆகக் குறைத்தேன் என்று எழுதியிருந்தது.

அன்று காலை அவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே எழுதினார். இரவெல்லாம் கண்விழித்த களைப்பில் நான் தலையாட்டியதோடு சரி. மூன்று புள்ளிகள் வரவேண்டிய இடத்தில் புள்ளியே இல்லாமல் ஆக்கித் தந்த மனிதருக்கு எதிராகத்தான் நான் பெயர்ப்பிழையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அத்துடன் இன்னொரு தாளும் இணைக்கப்பட்டிருந்தது: வழக்கு விசாரணைக்குப் போனால் வேகத்தை 63 ஆகத் திருத்தக் கோரவிருப்பதாக வழக்குத்தொடுநரின் அறிவித்தல். வீதியோரத்தில் குறைத்து எழுதிய வேகத்தை விசாரணையில் உண்மையான அளவுக்கு உயர்த்தலாம் என்று 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைப் பரலீகல் அப்போதுதான் சொன்னார். 23 கிலோமீற்றர் அதிகம் என்று தீர்ப்பானால், அந்த வேகத்துக்குச் சட்டத்தில் உள்ள தொகையின் இரட்டிப்பாகக் கிலோமீற்றருக்கு 9 டொலர் வீதம் 207 டொலர், மூன்று புள்ளிகள். நான் விசாரணை கோருவதற்கு முன்பே எவராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை நாளில், வழக்கு அழைக்கப்படுமுன் வழக்குத்தொடுநர் எங்களைத் தனி அறைக்கு மாற்றினார். தனி அறை என்றால் திரையில் இன்னொரு சதுரம், அவ்வளவுதான். முன்கூட்டியே கேட்டிருந்ததால் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். வேகம் 50 என்று குற்றத்தை ஏற்றுக்கொண்டால் திருத்தக் கோரிக்கையைக் கைவிடுவதாக வழக்குத்தொடுநர் சொன்னார். பெயர்ப்பிழையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நீதவான் முன்னிலையில், விசாரணைக்கான உரிமையைக் கைவிடுகிறேன் என்பது விளங்குகிறதா, எவராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள்; இல்லை என்றேன். பத்து மாதக் காத்திருப்புக்கு ஏறக்குறைய 25 டொலர் மிச்சம். அடுத்த காப்புறுதிப் புதுப்பிப்பில், குற்றப்பதிவு இல்லாதவர்களுக்கான தள்ளுபடி எனக்கு இல்லாமற்போயிற்று.

ஏஜாக்ஸிலிருந்து:

அண்ணா எழுதியதை வாசித்தபின் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லலாம் என்று தோன்றியது. ரிக்கற் என்னுடையதல்ல, மகனுடையது. அவனுக்கு அப்போது பதினெட்டு வயது, புதிய ஓட்டுநருக்கான ஜி2 உரிமம். 40 எல்லையில் 72 ஓடியிருக்கிறான். 32 கிலோமீற்றர் அதிகம் என்பது நான்கு புள்ளி. புதிய ஓட்டுநர் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ புள்ளி தரும் குற்றம் பதிவானால், முதல் தடவையே உரிமம் 30 நாட்களுக்கு நிறுத்தப்படும் என்பது எங்களுக்குத் தெரியாது. இன்னும் எட்டுக் கிலோமீற்றர் கூடியிருந்தால், 2021 ஜூலையிலிருந்து உள்ள சட்டப்படி அது அபாயகரமான சாகச ஓட்டமாகிவிடும். வீதியோரத்திலேயே உரிமத்தைப் பறித்து வாகனத்தையும் 14 நாட்களுக்கு இழுத்துப் போயிருப்பார்கள்.

நாங்கள் பரலீகலை அமர்த்தினோம். அதிகாரியின் குறிப்பில், கருவியை இரண்டாம் முறை சோதித்த நேரம் எழுதப்படவில்லை என்பதை அவர் பிடித்துக்கொண்டார். அதைச் சுட்டிக்காட்டிப் பேசி, எல்லைக்கு மேல் 29 கிலோமீற்றர் என்று குறைத்து, மூன்று புள்ளியோடு முடித்தார், உரிமம் தப்பியது. இதைக் கேட்ட உறவினர்கள் வெற்றி என்று வாழ்த்தினார்கள். நான் மட்டும் மகனை ஒருநாள் காலை அதே இடத்துக்கு அழைத்துப்போய், பிள்ளைகளை வீதி கடக்கவைக்கும் முதியவர் கையில் பலகையோடு நடுவீதியில் நிற்பதைக் காட்டினேன். அந்தப் பலகை அவர் தலைக்கு மேலே ஒரு முழம்கூட உயரவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை; நானும் வற்புறுத்தவில்லை.

மார்க்கம் நகரிலிருந்து:

முழு விசாரணையும் நடத்தித் தோற்றவன் என்ற தகுதியில் நான் எழுதுகிறேன். வேக எல்லையை மீறுவதில், பலகையைக் கவனிக்கவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்ற சமாதானங்களுக்கு இடமே இல்லை. ஓடினாயா, இல்லையா என்பதுதான் கேள்வி. ஆகவே பலகை கண்ணுக்குத் தெரியவேயில்லை என்று நிறுவினால் மட்டுமே வழியுண்டு என்று முடிவுசெய்து, ஒரு மேப்பிள் மரத்தின் கிளை 40 என்ற எண்ணில் நான்கை முழுவதுமாக மறைத்திருப்பதைக் காரின் ஆசனத்தில் இருந்தபடியே படமெடுத்தேன். நல்ல படம். ஓட்டுநரின் கண்மட்டம், அதே திசை, அதே நேரம். பதின்மூன்று பிரதிகள் எடுத்து வைத்திருந்தேன் என்றால் என் நம்பிக்கையை நீங்கள் ஊகிக்கலாம்.

வழக்குத்தொடுநர் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இது எப்போது எடுத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜூன் மாதம் என்றேன். ரிக்கற் ஏப்ரல் முதல் வாரத்தில் எழுதப்பட்டது. ஏப்ரலில் இந்த ஊரில் மேப்பிளுக்கு ஏது இலை! அன்று காலை அவ்வழியே வந்தபோது பலகை தெளிவாகத் தெரிந்தது என்று அதிகாரியும் தன் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். விசாரணையில் தோற்றால் ரிக்கற்றில் எழுதிய தொகை அல்ல, சட்டத்தில் உள்ள தொகையே பொருந்தும் என்பதால், கிலோமீற்றருக்கு ஐந்து டொலர் ஆறு டொலராகியது. ரிக்கற் கிடைத்த அன்று மாலையே திரும்பிப்போய்ப் படமெடுத்திருந்தால், அந்த வழக்குக்கே போயிருக்க மாட்டேன்.

மீண்டும் ஸ்காபரோவிலிருந்து:

கமரா ரிக்கற்றுக்கும் இப்படித்தானா என்று ஒரு தம்பி தனியே கேட்டிருந்தார். அது வேறு. வேகக் கமரா அனுப்பியது வாகனத்தின் பதிவு உரிமையாளருக்கு; ஓட்டியவர் எவரென்று பார்ப்பதில்லை, அதனால் புள்ளியும் இல்லை, ஓட்டுநர் பதிவிலும் ஏறாது. 2020 ஜூலையிலிருந்து ரொறொன்ரோவில் பாடசாலைகளை அண்டி நின்ற அந்தக் கமராக்கள், மாகாண அரசின் தடையால் 2025 நவம்பர் 14இல் நின்றுவிட்டன. இனி அந்த இடங்களில் நம்மை மறிப்பவர் லேசரோடு நிற்கும் அதிகாரியாகத்தான் இருப்பார். அவர் எழுதுவது நம் பெயரில், நம் பதிவில் ஏறும்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றத்தில் திருத்திவிடுவார்கள் என்று பரலீகல் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் அல்லவா? அபராதம் கட்டியதும் கிடைத்த பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். விடுபட்ட எழுத்து இன்னமும் விடுபட்டே இருக்கிறது.