ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்கு நிஜமாகவே பணம் கொடுக்க வேண்டுமா?

இரண்டாம்_ஆண்டு:
எம்.ஏ. பொருளாதாரம் ப்ராஜெக்ட். ஆட்கள் எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறார்கள் என்று பார்க்க லாட்டரி மாதிரி கேள்விகள் தயார். கையில் காசு இல்லாததால் "இவ்வளவு கிடைத்தால் எதை எடுப்பீர்கள்" என்று சும்மா கேட்டுவிடலாம் என்றிருந்தேன். நிஜப் பணம் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார் கைடு. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதே மாதிரிக் கேள்விகளை, பணம் கொடுக்காமல் காகிதத்தில்தானே கேட்டார்கள்? அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பழைய_ஆசாமி:
அவர்கள் கேட்டதைப் பாருங்கள்: 80% வாய்ப்பில் 4000 இஸ்ரேலிய பவுண்டா, உறுதியாக 3000மா? அன்றைக்கு அங்கே ஒரு சராசரிக் குடும்பத்தின் மாத வருமானமே சுமார் 3000. வருகிற மாணவர்களுக்கெல்லாம் ஒரு மாதச் சம்பளத்தை யார் தூக்கிக் கொடுப்பது? பொய் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை என்று நம்பித்தான் கேட்டார்கள்.

பகடை:
பொய் சொல்வதில்லை சார், ஆனால் பெரிய தொகை வந்தால் எப்படி நடந்துகொள்வோம் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் ஹோல்ட், லாரி 2002இல் செய்ததுதான் இதற்குச் சரியான உதாரணம். இரண்டு லாட்டரியில் ஒன்றை எடுக்க வேண்டும்: பத்திரமான பக்கம் 2 டாலர் அல்லது 1.60, ரிஸ்கான பக்கம் 3.85 அல்லது வெறும் 10 சென்ட், வாய்ப்புகளை மாற்றி மாற்றிப் பத்துத் தேர்வுகள். தொகையை 20, 50, 90 மடங்காக்கியபோது கற்பனைப் பணத்தில் பெரிய மாற்றம் இல்லை, நிஜப் பணத்தில் ஆட்கள் சட்டென்று பத்திரமான பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். சின்னத் தொகையை முதலில் ஆடவிட்டதால் வந்த விளைவு என்று ஹாரிசன் குழு 2005இல் மடக்கியது, ஹோல்ட், லாரி அந்த வரிசைச் சிக்கலை நீக்கிப் பார்த்தும் நிஜப் பணத்தில் வித்தியாசம் நின்றது.

மதுரைக்காரன்:
எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே டேன் ஏரியலி என்ற ஆய்வாளரின் குழு ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சப் பரிசு 4, 40, 400 ரூபாய் என்று வைத்துப் பார்த்தார்கள், 400 வைத்தவர்கள்தான் மோசமாக ஆடினார்கள்!

பகடை:
அது திறமையைப் பற்றியது, இங்கே கேட்பது விருப்பத்தை. இன்றைக்கு 100ஆ அடுத்த மாதம் 150ஆ மாதிரிக் கேள்விகளில் நிஜத்துக்கும் கற்பனைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சில ஆய்வுகள் உண்டு, தலைப்பை அந்தப் பக்கம் திருப்பினால் கைடிடம் வாதாடலாம்.

இரண்டாம்_ஆண்டு:
தலைப்பு ஏற்கனவே பதிவாகிவிட்டது, மாற்ற விடமாட்டார்கள்.

பகடை:
அப்படியானால் பத்துத் தேர்வுக்கும் கொடுக்காதீர்கள். கடைசியில் பத்து முகப் பகடையை உருட்டி, விழுந்த தேர்வுக்கு மட்டும் கொடுங்கள். அதுவும் கட்டாதென்றால் குலுக்கலில் சிலருக்கு மட்டும், ஆனால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், பகடையும் அவர்கள் கையால்தான் உருள வேண்டும்.