அணியில் ஒருவர் திடீரென்று போய்விட்டால்

அனைவருக்கும் வணக்கம்.

நம்மில் பலர் வார இறுதியில் ஏதோ ஓர் அணியில் கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடுகிறோம். கூட ஆடுகிறவர் மைதானத்திலேயே திடீரென்று இறந்துவிட்டால், சொந்தக்காரர் இல்லை என்பதால் நமக்கு விடுப்பு கிடைக்காது, துக்கம் விசாரிக்கவும் யாரும் வரமாட்டார்கள். அணியின் துக்கத்தை அணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே: யாருக்கு யார் சொல்வது, அடுத்த ஆட்டத்தை என்ன செய்வது. ஜெர்சி எண், நினைவுக் கோப்பை எல்லாம் பொறுக்கட்டும். அழுகையோடு எடுத்த நிரந்தர முடிவுகள்தான் ஆறு மாதம் கழித்துச் சண்டையாக மாறுகின்றன.

செய்தி முதலில் குடும்பத்துக்குப் போக வேண்டும். அதுவரை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம். அணியினருக்குக் கேப்டனும் இன்னொருவரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போன் செய்யட்டும். ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்லுங்கள். ‘சீரியஸாக இருக்கிறார்’ என்று இழுத்தால் கேட்பவர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டுவார். ஆட்டத்தை யாராவது வீடியோ எடுத்திருந்தால் அதை யாருக்கும் அனுப்பாமல் ஒருவரே வைத்திருக்கட்டும். போலீசோ குடும்பமோ கேட்கலாம் என்பதால் அழிக்கவும் வேண்டாம்.

அன்றிரவே ஒரு வேலை உண்டு. எத்தனை மணிக்கு விழுந்தார், அதற்கு முன் என்ன சொன்னார், நெஞ்சை அழுத்தத் தொடங்கியது எப்போது, ஆம்புலன்ஸ் வந்தது எப்போது என்று கூட இருந்தவர்கள் ஒரே தாளில் எழுதிவையுங்கள். குடும்பம் தொலைவில் இருந்தால் கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் அதுவே புதுச் சந்தேகமாகிவிடும்.

அணியில் எல்லோரும் ஒரே அளவில் அடிபடுவதில்லை. முதலில் கவனிக்க வேண்டியவர்கள் சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி) கொடுத்தவரும், பந்து பட்டோ மோதியோ இறந்திருந்தால் அந்தப் பந்தை வீசியவர் அல்லது கடைசியாக மோதியவரும். சிபிஆர் கொடுத்தவருக்கு விலா எலும்பு முறிந்த சத்தம் காதைவிட்டுப் போகாது. தான் அழுத்தியதால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மறுகுவார். மார்பு ஐந்து, ஆறு செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தினால் பெரியவர்களுக்கு விலா முறிவது சகஜம். சரியாகச் செய்தார் என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே பெரிது என்பதையும் சொல்லுங்கள். ‘நீ என்ன பண்ணுவே, விதி’ என்று முடித்துவிட்டால் அவர் வாய் மூடிக்கொள்வார், மனம் மூடாது.

பந்து வீசியவர் விஷயத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் மரணத்தைப் பாருங்கள். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் பவுன்சர் கழுத்தில் பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். வீசிய ஷான் அபாட்டைச் சக வீரர்களும் எதிரணியினரும் வெளிப்படையாகவே அரவணைத்துக்கொண்டார்கள். 2016 விசாரணையிலும் யார் மீதும் குற்றமில்லை என்றே முடிவானது. சிறிய அணியில் இப்படி விசாரணை வந்து பழியை நீக்காது. அதனால் ‘உன் மேல் தவறில்லை’ என்று கேப்டன் எல்லோர் முன்பாகவும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஆட்டம். கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாதீர்கள். ஆட மனமில்லாதவரும் தூக்கிவிடுவார். ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று மைதானத்தில் சரிந்தார். அவர் கண் விழித்த செய்தி வந்த பிறகு, அன்றிரவே தொடர்வதா மறுநாள் நண்பகலில் ஆடுவதா என்று டென்மார்க் அணியிடம் கேட்டார்கள். அன்றிரவே ஆடித் தோற்றார்கள். அந்த நிலையில் அப்படியொரு முடிவை அவர்களிடம் விட்டிருக்கவே கூடாது என்று பயிற்சியாளரே பின்னர் சொன்னார். எரிக்சன் பிழைத்தவர், அதற்கே இப்படி. முதல் வார ஆட்டத்தை நிர்வாகிகளே ஒத்திவைத்துவிடுவது நல்லது.

திரும்ப ஆடும் நாளில் எதிரணிக்கும் நடுவருக்கும் முன்கூட்டியே தகவல் கொடுங்கள். மௌனமா கைதட்டலா, ஒரு நிமிடம் முடிந்ததென்று யார் விசில் அடிப்பது என்பதையும் பேசி வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் கைதட்ட, பாதிப் பேர் தலைகுனிந்து நிற்பார்கள். ஆடாதவர் ஸ்கோர் எழுதவோ ஓரமாக உட்காரவோ வரலாம். இறந்தவர் மூன்றாவதாக இறங்குபவர் என்றால் அந்த இடத்தில் புதுப்பையனை இறக்காதீர்கள். பழைய ஆட்களையே வரிசை மாற்றிப் போடுங்கள். முதல் பந்தில் அவுட்டானால் அந்தப் பையனைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

அவருடைய கிட் பேக் யார் காரிலாவது கிடக்கும். துவைத்து மடித்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று தோன்றும், ஆனால் அந்த வியர்வை வாசனைதான் வேண்டும் என்கிற மனைவியும் அம்மாவும் உண்டு. குடும்பத்தைக் கேட்காமல் எதையும் துவைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை நீக்க வேண்டாம். அந்த போன் இப்போது வீட்டில் யார் கையிலாவது இருக்கும், குழுவில் போடும் கேலியையும் அவர்கள் படிப்பார்கள். ஆட்டப் பேச்சுக்கு வேறு குழு தொடங்குங்கள். அவர் தரவேண்டிய மேட்ச் காசைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் அடித்துவிடுங்கள்.

எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் கட்டாய அமர்வு வேண்டாம். அதனால் பலனில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும் என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பேச நினைப்பவர் பேசட்டும். முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், விழுந்த காட்சி கண்ணில் வருவதும் இயல்பே. ஒரு மாதம் தாண்டியும் அது குறையாமல், கிரவுண்ட் பக்கமே போக முடியாமல், குடியும் கூடிக்கொண்டிருந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.

கடைசியாக, பலரும் விட்டுவிடுவது. இறந்தவர் 35 வயதுக்குக் கீழே, காரணம் இதயம் என்றால் இதயத்தசை தடிப்பு, இதயத் துடிப்பின் மின்கோளாறு போன்ற பரம்பரைக் குறையாக இருக்கலாம். 2003இல் ஆட்டத்தின் நடுவே இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்குத் தசைத் தடிப்புதான். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் இதய டாக்டரிடம் போய் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் எடுக்க வேண்டும். சடங்குகள் முடிந்த பிறகு, பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலோடு போகச் சொல்லி, வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதே அணியில் அவர் தம்பியும் ஆடுகிறார் என்றால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவரைக் களத்தில் இறக்க வேண்டாம்.